வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும் முன்

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்தவர்கள் என்னிடம் பேச வந்தால், முதலில் கேட்பது ஆவணங்களைப் பற்றித்தான். என்னென்ன சான்றிதழ் வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும், எவ்வளவு காலம் ஆகும்? நியாயமான கேள்விகள். ஆனால் ஆவண வேலை எப்படியும் முடிந்துவிடும். ஒரு தாள் குறைந்தால் அதிகாரியே கேட்டு வாங்கிக்கொள்வார். யாரும் உங்களிடம் கேட்காத, நீங்களாக நினைத்துச் சேர்க்காவிட்டால் பிறகு கிடைக்கவே கிடைக்காத ஒன்று உண்டு. உங்களிடம் வருவதற்கு முன் அந்தக் குழந்தை வாழ்ந்த வாழ்க்கைதான் அது.

என் மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியும். அவளுக்கென்று ஒரு மொழி, ஒரு கட்டில், பிடித்த ஒரு மனுஷி, பயப்படும் ஒரு சத்தம் எல்லாம் ஏற்கனவே இருந்தன. அதனால் சட்டத்தையும் மருத்துவத்தையும் தேவையான அளவுக்குச் சொல்லிவிட்டு, அந்த முந்தைய வாழ்க்கையைச் சேர்த்து வைப்பது பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

சட்டம் எங்கே தொடங்குகிறது

உங்கள் நாட்டுச் சட்டம், குழந்தையின் நாட்டுச் சட்டம் இரண்டுமே இதில் பொருந்தும். நீங்கள் வசிப்பது ஒரு நாடு, குடியுரிமை வேறு நாடு என்றால் மூன்றாவதையும் பார்க்க வேண்டியிருக்கும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கென்று 1993-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. உங்கள் நாடும் குழந்தையின் நாடும் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இருந்தால் வரிசை தெளிவானது. ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்று ஒரு மைய ஆணையம் இருக்கும். நீங்கள் உங்கள் நாட்டு ஆணையத்திடமோ அது அங்கீகரித்த ஏஜென்சியிடமோதான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று அவர்கள் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். குழந்தையின் நாடு, அந்தக் குழந்தைக்குத் தன் மண்ணிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். கிடைக்காதபோதுதான் வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சே வரும். பெற்ற தாய் குழந்தை பிறந்த பிறகுதான் சம்மதம் தர முடியும், அதற்காகப் பணம் கைமாறியிருக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும், தத்தெடுப்பு ஒப்பந்தப்படி நடந்தது என்று 23-ஆம் பிரிவின்கீழ் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதன் மூலப்பிரதியை உயிரைப் போலப் பாதுகாத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் அதைக் கொண்டுதான் உங்கள் உறவை ஏற்கும்.

இந்த வரிசையில் குடும்பம் முதலில் வருகிறது, குழந்தை பிறகு வருகிறது. இதை மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் விசாரணை முடிவதற்கு முன்பே ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி, "இவள் உங்களுக்காகவே காத்திருக்கிறாள், சீக்கிரம் பணம் கட்டுங்கள்" என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பாசம் வந்த பிறகு யாராலும் கேள்வி கேட்க முடியாது, அது அவர்களுக்கும் தெரியும். செலவையும் நியாயமான கட்டணத்தையும் தவிர இதில் யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 32-ஆம் பிரிவே சொல்கிறது. ஒவ்வொரு தொகைக்கும் எதற்கு, யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். 'நன்கொடை' என்று மொத்தமாக ஒரு வரி இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

'அனாதை' என்று கோப்பில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். உலகம் முழுக்கக் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையால் விட்டுப்போனவர்கள் உண்டு, கொஞ்ச காலத்துக்கு என்று நம்பி விட்டவர்களும் உண்டு. குழந்தை எப்படிக் காப்பகத்துக்கு வந்தது, யார் கையெழுத்திட்டார்கள், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேட்பது உங்கள் கடமை. பதினெட்டு வயதில் உங்கள் பிள்ளை இதே கேள்வியை உங்களிடம் கேட்பான்.

எந்த நாடு என்பதைத் தேர்வு செய்யும்போது, கதவு பாதியில் மூடலாம் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். முறைகேடுகள் பெருகியதால் குவாத்தமாலா 2007 இறுதியில் சட்டத்தை மாற்றி, வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. எத்தியோப்பியா 2018-ல் தடை செய்தது. சீனா 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர்களைத் தவிர மற்ற வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியதாக அறிவித்தது. 2004-ல் வெளிநாடுகளிலிருந்து ஏறக்குறைய 23,000 குழந்தைகள் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப் போனார்கள். 2023 நிதியாண்டில் அது 1,300-க்கும் கீழே வந்துவிட்டது. இன்று வெளிநாட்டுக் குடும்பத்துக்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்தே போக வேண்டியவர்கள், சிகிச்சை தேவைப்படுகிறவர்கள். கைக்குழந்தைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆவணங்கள்

பிறப்பு, திருமணச் சான்றுகள், வருமானம், போலீஸ் நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, புகைப்படங்கள். பட்டியலை ஏஜென்சியே தரும். பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஒன்றில் முழுப்பெயர், இன்னொன்றில் சுருக்கம் என்று இருந்தால் கடைசி நேரத்தில் கோப்பு திரும்பி வரும். 1961-ஆம் ஆண்டு அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று முத்திரை) ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருந்தால், தூதரகம் தூதரகமாக அலையாமல் ஒரே முத்திரையோடு வேலை முடியும். போலீஸ் சான்றுக்கும் மருத்துவச் சான்றுக்கும் காலாவதி உண்டு என்பதால் அவற்றைக் கடைசியில் வாங்குங்கள்.

குடியுரிமையை மட்டும் தனியாக விசாரியுங்கள். தத்தெடுப்பு முடிந்தாலே குடியுரிமை வந்துவிடும் என்று நினைத்த பெற்றோரால் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அமெரிக்காவில் 2000-ல் வந்த சட்டம், தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை தந்தது. ஆனால் 2001 பிப்ரவரி 27-ல் 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. அப்படி விடுபட்டவர்களில் சிலர், நடுவயதில், மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். உங்கள் நாட்டில் இது தானாக நடக்குமா, தனி விண்ணப்பம் வேண்டுமா, எந்த வயதுக்குள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளர்

உங்கள் தகுதியை விசாரிக்க வரும் சமூகப் பணியாளர், வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அலமாரியைத் திறந்து பார்ப்பது அவருக்கு முக்கியமே இல்லை. சின்ன வயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள், நீங்களும் கணவரும் சண்டை போட்டால் எப்படிச் சமாதானம் ஆவீர்கள், குழந்தைக்காக ஏங்கிய வருடங்களின் வருத்தம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, உங்களுக்கு ஏதாவது ஆனால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்பார். இவற்றை அவர் வருவதற்கு முன்பே நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடித்திருந்தால் நல்லது. கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்வதற்கு முன், அந்த ஆளிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியிருங்கள்.

வீட்டில் ஏற்கனவே பிள்ளை இருந்தால் அவனிடமும் தனியாகப் பேசுவார். தம்பியோ தங்கையோ வந்ததும் கூட விளையாடுவாள் என்று அவனிடம் ஆசை காட்டி வைக்காதீர்கள். கொஞ்ச நாள் அழுகை, கடித்தல், பொம்மை உடைதல் எல்லாம் இருக்கும் என்றே சொல்லுங்கள்.

மருத்துவக் கோப்பைப் படிப்பது

குழந்தையின் விவரம் வந்ததும் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தத்தெடுத்த குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் கோப்பைக் கொடுங்கள். அவர் முதலில் தேடுவது எடை, உயரம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைத் தேதியோடுதான். ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது. ஆறு மாத இடைவெளியில் மூன்று அளவுகள் இருந்தால் வளர்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். இல்லையென்றால் புதிதாக அளந்து அனுப்பச் சொல்லுங்கள். சின்ன வீடியோவும் கேளுங்கள். ஒரு பொருளை எட்டி எடுக்கிறதா, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, பராமரிப்பவரின் முகத்தைத் தேடுகிறதா என்று பார்க்கலாம்.

காப்பகத்தில் மூன்று மாதம் இருந்தால் ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்று இந்தத் துறை மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். உயரமும் எடையும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்ததும் மளமளவென்று ஏறிவிடும். தலைச்சுற்றளவு அவ்வளவு லேசில் ஈடாகாது, அதனால்தான் மருத்துவர் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கர்ப்ப காலத்தில் தாய் மது அருந்தியிருக்கலாம் என்ற குறிப்பு இருந்தால் அதன் விளைவுகளைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். அது வளர வளரத்தான் தெரியவரும், குணமாகிவிடும் விஷயமும் அல்ல.

'முடியாது' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எது உங்களால் முடியும், எது முடியாது என்பதை வீட்டில், அமைதியாக, குழந்தையைப் பார்ப்பதற்கு முன் முடிவு செய்யுங்கள். அழைத்துவந்து கைவிடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

வந்து சேர்ந்த முதல் வாரங்களில், அங்கே எடுத்த பரிசோதனை எதுவாக இருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும்: ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ், காசநோய், குடல் புழு, ரத்தசோகை, ரத்தத்தில் ஈயம், தைராய்டு, கண், காது. தடுப்பூசி அட்டையை நம்ப முடியாவிட்டால் மருத்துவர் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்ப்பார், அல்லது முதலிலிருந்து போடுவார். கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் பிறந்த தேதி குத்துமதிப்பாக எழுதியதாகக்கூட இருக்கலாம். அதைத் திருத்த அவசரப்பட வேண்டாம், குழந்தை நன்றாகச் சாப்பிட்டு ஒரு வருடமாவது வளரட்டும்.

அங்கே இருக்கும்போது சேர்க்க வேண்டியவை

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம். குழந்தையை அழைத்துவரப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துப்போங்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, குழந்தையைத் தினமும் குளிப்பாட்டித் தூங்க வைத்தவர் யாரோ அவரிடம் உட்காருங்கள். காப்பகத் தலைவர் பேசுவது கோப்பில் இருப்பதைத்தான். அந்தப் பராமரிப்பாளருக்குத்தான் குழந்தையைத் தெரியும்.

என்ன கேட்பது? எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவாள், விளக்கு எரியுமா, தனிக் கட்டிலா, பக்கத்தில் யார் படுப்பார்கள்? பால் எவ்வளவு சூட்டில், புட்டியின் ரப்பரில் ஓட்டை சிறியதா பெரியதா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் என்ன செய்வாள்? கோபம் வந்தால் என்ன செய்வாள்? எதற்குப் பயப்படுவாள்? யாரோடு விளையாடுவாள்? இந்தப் பெயரை யார் வைத்தது, ஏன்? உடம்பில் தழும்பு இருந்தால் எப்படி வந்தது? இங்கே வந்த அன்று என்ன உடுத்தியிருந்தாள், கூட ஏதாவது துணியோ தாளோ இருந்ததா? யாராவது எப்போதாவது பார்க்க வந்தார்களா?

எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காது. கிடைத்ததைச் சொன்னவரின் வார்த்தையிலேயே எழுதுங்கள். அப்புறம் படங்கள். குழந்தையை மட்டும் எடுக்காதீர்கள். வாசல் கதவு, கட்டில், அந்தக் கட்டிலிலிருந்து தெரியும் ஜன்னல், சாப்பிடும் தட்டு, குளிக்கும் இடம், தெரு எல்லாவற்றையும் எடுங்கள். அனுமதி இருந்தால் பராமரிப்பாளரோடு குழந்தை இருக்கும் படத்தையும். கண்டெடுக்கப்பட்ட இடம் தெரிந்தால் அங்கேயும் போய் வாருங்கள்.

எங்கள் மகளைப் பார்த்துக்கொண்ட அம்மாள் அவளைத் தூங்க வைக்கும்போது என் கணவர் வீடியோ எடுத்தார். அந்த அம்மாள் தட்டிக்கொடுத்த விதத்தை அந்த நேரத்தில் நாங்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. உள்ளங்கையைக் கொஞ்சம் குவித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே, வேகமாக இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மெதுவாக ஒரு தட்டு. கூடவே பாட்டு இல்லை, மூக்கால் ஒரு முனகல் மட்டும். வீட்டுக்கு வந்த இரவு தூக்கினாலும் அழுதாள், கீழே விட்டாலும் அழுதாள், நான் பாடிய தாலாட்டு அவளுக்கு அந்நியமாக இருந்தது. என் கணவர் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்து, கையைக் குவித்து, அதே கணக்கில் தட்டினார். உடனே தூங்கிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுகையின் வேகம் இறங்கியது, முகத்தைத் திருப்பி அவர் கையைப் பார்த்தாள். பல மாதங்கள் அப்படித்தான் தூங்கினாள்.

அவள் படுத்த விரிப்பையோ போட்டிருந்த சட்டையையோ கேட்டு வாங்கி வாருங்கள், துவைக்காதீர்கள். பதிலுக்குப் புதிய விரிப்புகள் வாங்கிக் கொடுங்கள், பக்கத்துக் கட்டில் குழந்தைகளுக்கு அது தேவை. கையில் கிடைத்த தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். குழந்தையின் பிறப்பு, பெற்றோர், மருத்துவ வரலாறு பற்றிய தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பு நாடுகளுக்கு உண்டு என்று 1993 ஹேக் ஒப்பந்தத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் காப்பகம் மூடப்படும், ஊழியர் மாறுவார், பதிவேடு காணாமல் போகும். உங்கள் அலமாரியில் இருப்பதே நிச்சயம்.

மொழி

போவதற்கு முன் குழந்தையின் மொழியில் கொஞ்சம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். வணக்கம், நன்றி எல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தைக்குத் தேவை: தண்ணீர், பசிக்கிறதா, வலிக்கிறதா, எங்கே, கழிப்பறை, சூடு, போதும், பயப்படாதே, அம்மா திரும்பி வருவேன். சரியான உச்சரிப்பில் ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்து, தினமும் கேளுங்கள்.

புதிய வீட்டில் பழைய மொழி மிக வேகமாக மறையும், சில மாதங்களே போதும். ஆனாலும் முழுக்க அழிவதில்லை. சீனாவில் பிறந்து, கைக்குழந்தையாகவே கனடாவின் பிரெஞ்சு பேசும் குடும்பங்களுக்குத் தத்துப் போன சிறுமிகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. அவர்களுக்குச் சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சீன மொழியின் தொனிகளைக் கேட்டதும், அந்த மொழி பேசி வளர்ந்தவர்களின் மூளை எப்படி இயங்குமோ அப்படியே இயங்கியது. அந்த மொழி பேசுபவர் யாராவது உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் அவர்களோடு பழகுங்கள்.

முதல் மாதங்கள்

வரவேற்பு விழா வேண்டாம். தாத்தா பாட்டி வரட்டும், பார்க்கட்டும், ஆனால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அடிபட்டால் தூக்குவது எல்லாம் கொஞ்ச காலத்துக்கு நீங்கள் இருவர் மட்டும். பெரியவர்களுக்கு இது வருத்தமாக இருக்கும். குழந்தை வருவதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிட்டால் பாதி வருத்தம் குறையும்.

யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே போய் மடியில் உட்காரும் குழந்தையைப் பார்த்து, "அடடா, எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள்" என்பார்கள். அது ஒட்டுதல் அல்ல. யார் தனக்கு நிரந்தரம் என்று இன்னும் தெரியாத குழந்தை எல்லோரிடமும் போகும். உங்களிடம் மட்டும் அழுது, உங்களிடம் மட்டும் அடம்பிடிக்கத் தொடங்கினால் சந்தோஷப்படுங்கள். ருமேனியாவில் 2000-ல் தொடங்கி, காப்பகக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், இரண்டு வயதுக்கு முன் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களின் பிணைப்பு நன்றாகவே தேறியது. பிந்தி வரும் குழந்தைக்கு அதிக காலமும் சில சமயம் நிபுணரின் உதவியும் தேவைப்படும்.

சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள். அவள் கைக்கு எட்டும் இடத்தில், எப்போதும் காலியாகாத ஒரு டப்பாவை வையுங்கள். பெயரை மாற்றாதீர்கள். அவள் கூடக் கொண்டுவந்த சொத்து அதுதான். உங்களுக்கு ஒரு பெயர் ஆசையாக இருந்தால் அதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இத்தனை காலம் காத்திருந்து குழந்தை வந்த பிறகு, உங்களுக்கே மனச்சோர்வு வரலாம். பெற்றெடுத்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை அது. வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்கள் மேல் குறை எதுவும் இல்லை.

மற்றவர்கள் கேட்கும் கேள்விகள்

"இவளுடைய உண்மையான அம்மா யார்?", "எவ்வளவு செலவாச்சு?", "பெரிய புண்ணியம் பண்ணினீங்க." இவை குழந்தையின் காதில் விழும்படியேதான் வரும். புண்ணியம் என்ற பேச்சுதான் எனக்கு மிகவும் வலிக்கும். தான் யாருக்கோ கடன்பட்டவள் என்று நினைத்து ஒரு குழந்தை வளரக் கூடாது. "எங்களுக்கு மகள் வேண்டும் என்று ஆசைப்பட்டோம், வந்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். பெற்ற தாயைப் பற்றிய விவரம் மகளுக்குச் சொந்தமானது. அதை அவளுக்குத் தெரியும் முன் அத்தைக்கும் சித்திக்கும் சொல்லிவைக்காதீர்கள்.

அவளிடம் முதல் நாளிலிருந்தே சொல்லுங்கள். புரியாத வயதிலேயே அந்தப் படங்களைப் புரட்டிக் காட்டுங்கள், "இது உன் கட்டில், இது உன்னைப் பார்த்துக்கொண்டவர்" என்று. நிறமோ முகச்சாயலோ வேறாக இருந்தால் தெருவிலும் பள்ளியிலும் அவளைச் சீண்டுவார்கள். "நிறத்தில் என்ன இருக்கிறது" என்று மழுப்பாமல், நடந்ததைக் கேட்டு, பள்ளியில் போய்ப் பேசுங்கள். அவளைப் போன்ற சாயல் உள்ள பெரியவர்களும் பிள்ளைகளும் அவள் வாழ்க்கையில் இருக்க வழி செய்யுங்கள்.

தத்தெடுத்த பிறகு பல நாடுகள் சில வருடங்களுக்கு அறிக்கை கேட்கும்: குழந்தையின் உயரம், எடை, படிப்பு, படங்கள். உற்சாகம் வடிந்த பிறகு இதைத் தள்ளிப்போடுவது எளிது. தள்ளிப்போடாதீர்கள். அறிக்கைகள் வராததைக் காரணம் காட்டி அந்த நாடு அடுத்த குடும்பங்களின் கோப்புகளை நிறுத்தினால், காத்திருக்கும் வேறு குழந்தைகள்தான் பாதிக்கப்படுவார்கள். தேதிகளைக் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். அனுப்பும் ஒவ்வொன்றின் நகலையும் மகளின் கோப்பிலேயே சேருங்கள். பராமரித்தவருக்கும் ஒரு படம் போய்ச் சேர வழி இருக்கிறதா என்று ஏஜென்சியைக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.